படத்துக்குப் பக்கத்தில் ஒரு குச்சி

(தலைப்பு: மழலைக்கு எழுத்து வருவது பெரிதும் பாடத்தாலா? விளையாட்டாலா? 'விளையாட்டாலே' என்ற அணியில் அனந்தபுரம் திண்ணைப் பள்ளி ஆசிரியை பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! எங்களை எப்படியும் மடக்கிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு வந்திருக்கும் எதிரணிப் பெருமக்களே! எதிரில் அமர்ந்திருக்கும் செஞ்சி நகரத்துத் தாய்மார்களே, பெரியோர்களே! அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அன்பு உள்ளங்களே! 

எனக்கு முன்னால் பேசிய தமிழாசிரியர் ஐயா ரெண்டு பழமொழியை எடுத்து வீசிவிட்டுப் போயிருக்கிறார். ஒண்ணு, "விளையாட்டு வினையாகும்." இன்னொண்ணு, "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" ஐயா, நானும் வளைக்கணும் என்றுதான் சொல்கிறேன். எங்க ஊரிலே கூடை முடைகிறவர் மூங்கிலை எடுத்ததும் வளைக்க மாட்டார். சீவுவார், தண்ணியிலே ஊற வைப்பார், அப்புறம்தான் வளைப்பார். ஊறாத மூங்கிலை வளைத்தால் என்ன ஆகும்? ஒடியும். பிள்ளை ஊறுகிற தண்ணிக்குப் பேர்தான் விளையாட்டு! (கைதட்டல்)

நான் பெரிய படிப்பாளி இல்லீங்க. இதோ இருக்கிற அனந்தபுரம் பேரூராட்சியிலே ஒரு ஓட்டு வீடு. வீட்டுக்கு முன்னால் ரெண்டு திண்ணை. ஒரு திண்ணையிலே எங்க மாமியார் வெற்றிலை இடிப்பாங்க. இன்னொரு திண்ணையிலே நான் பள்ளிக்கூடம் நடத்துகிறேன். மூணு வயசிலிருந்து அஞ்சு வயசு வரைக்கும் பதினாலு பிள்ளைகள். காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டரை வரைக்கும். நடவுக்கும் களையெடுக்கவும் போகிற தாய்மார்கள், "யக்கா, செத்த நேரம் பார்த்துக்கக்கா" என்று விட்டுப் போன பிள்ளைகள்தான் முதலில் வந்தது. முடிந்தவர்கள் மாசம் ஏதோ கொடுப்பார்கள். முடியாதவர்கள் அறுவடை ஆனதும் ஒரு படி மல்லாட்டை கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார்கள். வெளியூர் நேயர்களுக்குச் சொல்கிறேன், மல்லாட்டை என்றால் நிலக்கடலை. இங்கே அதை மல்லாட்டை என்று சொன்னால்தான் ருசிக்கும். (சிரிப்பு)

நடுவர் அவர்களே, நான் இந்த அணியிலே பேச வந்ததற்குக் காரணம் நான் படித்த புத்தகம் இல்லை. நான் செய்த ஒரு தப்பு.

என் மூத்த மகனுக்கு மூணு வயசு. பக்கத்து வீட்டுப் பிள்ளை 'அ' எழுதுகிறான் என்று கேள்விப்பட்டேன். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பலகை, ஒரு டப்பா பல்பம் வாங்கினேன். அவன் கையைப் பிடித்து 'அ' போட வைத்தேன். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தமிழிலே எழுதுவதற்குக் கஷ்டமான எழுத்துகளில் ஒண்ணு 'அ'. ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு படுக்கைக்கோடு, ஒரு நிமிர்ந்த கோடு. மல்லாட்டையைக்கூட உடைக்கத் தெரியாத விரலுக்கு அது மலை. அவன் அழுதான். நான் அடித்தேன். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க வீட்டிலே இதுதான் நடந்தது. ஒரு நாள் பலகை காணாமல் போச்சு. தேடாத இடமில்லை. ஒரு மாசம் கழித்து, மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போனேன். போருக்குள்ளே கையை விட்டால் பலகை வருது! மூணு வயசுப் பிள்ளை, தன் கை எட்டுகிற ஆழத்துக்கு அதைச் செருகி வைத்திருக்கிறான். பலகையிலே நான் பிடித்து எழுதின 'அ' பாதி அழிந்தும் அழியாமலும் அப்படியே இருந்தது.

அன்றைக்கு நான் அதைச் சிரித்துக்கொண்டே நாலு பேரிடம் சொன்னேன். இன்றைக்கு அவன் நல்ல மெக்கானிக். கை நிறையச் சம்பாதிக்கிறான். என்னைத் தங்கமாகப் பார்த்துக்கொள்கிறான். ஆனால் ஒரு காகிதம் வந்தால், "அம்மா, இதில் என்ன போட்டிருக்குன்னு நீயே பார்த்துச் சொல்லும்மா" என்று நீட்டுவான். அவனுக்குப் படிக்கத் தெரியும், நடுவர் அவர்களே. படிக்கப் பிடிக்காது. தெரியாததைச் சொல்லிக் கொடுத்துவிடலாம். பிடிக்காமல் போனதை எந்த வாத்தியார் வந்து பிடிக்க வைப்பார்? அந்தப் பலகையை நான் தூக்கி எறியவில்லை. திண்ணைப் பள்ளியிலே ஆணியடித்து மாட்டி வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்காக இல்லை, எனக்காக! (கைதட்டல்)

எதிரணிச் சகோதரி கேட்டாங்க: "விளையாடிக்கொண்டே இருந்தால் எழுத்து தானாக வந்து மடியிலே விழுமா?" நல்ல கேள்வி. விழாது. நான் ஒத்துக்கொள்கிறேன். எழுத்தை யாராவது சொல்லித்தான் தரணும். பேச்சு மாதிரி அது தானாக வராது. ஆனால் சொல்லித் தருவது என்றால் கையிலே குச்சி எடுப்பது என்று யார் சொன்னது? என் திண்ணையிலே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். வீட்டிலே செய்து பாருங்கள். காசு செலவில்லை.

எழுத்துக்கு முன்னால் காது. அதுதான் முதல் விளையாட்டு. நான் சேலையை ஒரு திரை மாதிரிக் கட்டிவிட்டு அதற்குப் பின்னால் நிற்பேன். டம்ளரைத் தட்டுவேன், கொலுசை ஆட்டுவேன், டப்பாவிலே மல்லாட்டையைப் போட்டுக் குலுக்குவேன். என்ன சத்தம் என்று பிள்ளைகள் சொல்லணும். அது பழகினதும் சொல்லுக்கு வருவோம். "என் கண்ணுக்கு ஒண்ணு தெரியுது, அது 'ப'ன்னு ஆரம்பிக்குது!" ஒருத்தி "பல்லி" என்பாள். ஒருத்தன் "படி" என்பான். ஒரு வாலு எங்க மாமியாரைக் காட்டி "பல்லு" என்பான். (சிரிப்பு) அவங்களுக்கு இருப்பதே ரெண்டுதான். சொல் என்பது சத்தங்களால் ஆனது, அதைப் பிரிக்கலாம், சேர்க்கலாம் என்று காதுக்குத் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. எழுத்து என்பது அந்தச் சத்தத்துக்குப் போட்ட சட்டைதானே!

அடுத்தது விரல். காலையிலே வந்ததும் மல்லாட்டை உடைப்போம். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து அழுத்தினால்தானே உடையும்? பென்சில் பிடிப்பதற்கும் அந்த ரெண்டு விரல்தான் வேண்டும். பருப்பு வயிற்றுக்கு, தோல் படிப்புக்கு. அந்தத் தோலை வரிசையாக அடுக்கி எழுத்துச் செய்வோம். 'அ'விலே ஆரம்பிக்க மாட்டேன். பட்டது போதும்! 'ட'விலே ஆரம்பிப்பேன். ஒரு கோடு கீழே, ஒரு கோடு பக்கத்திலே, முடிஞ்சுபோச்சு. அந்தப் பக்கமும் ஒரு சுவர் எழுப்பினால் 'ப'. அப்புறம் 'ம'. மூணே எழுத்து. இந்த மூணையும், 'ம' தலையிலே வைக்க ஒரு பொட்டையும் வைத்துக்கொண்டு என் பிள்ளை முதல் வாரத்திலேயே படிக்கிறான்: படம், மடம்.

இப்போ அந்தப் பொட்டு. ஸ்டிக்கர் பொட்டுங்க, நெற்றியிலே வைக்கிறோமே அதுதான். எழுத்தின் தலையிலே பொட்டு வைத்தால் அது வாயை மூடிக்கொள்ளும். 'ட' தலையிலே வைத்தால் 'ட்'. உடனே 'பட்டம்' வந்துவிடுகிறது. அன்றைக்கு சாயங்காலம் காகிதத்திலே பட்டம் செய்து விடுவோம். எதிரணி ஐயா, பிள்ளை பட்டம் வாங்கணும் வாங்கணும் என்கிறீர்களே, இந்தப் பட்டத்தை விட்டவன்தான் பின்னால் அந்தப் பட்டத்தை ஆசையோடு வாங்குவான்! (பலத்த கைதட்டல்)

அடுத்தது குச்சி. ஈர்க்குச்சி. இலக்கணத்திலே அதற்குத் துணைக்கால் என்று பேர். எழுத்துக்குப் பக்கத்திலே ஒரு குச்சி வைத்தால் சத்தம் நீளும். 'பல்' பக்கத்திலே வைத்தால் 'பால்' ஆகிவிடும். 'கல்' 'கால்' ஆகும். 'மலை' 'மாலை' ஆகும். பிள்ளைகளுக்கு இது மந்திரவாதி வித்தை மாதிரி. குச்சியை வைப்பதும் எடுப்பதுமாகக் குதிப்பார்கள். இப்போ கவனியுங்கள் நடுவர் அவர்களே. 'படம்' என்ற சொல்லிலே முதல் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு குச்சி வைத்தால் என்ன வருகிறது? 'பாடம்'! எதிரணி கட்டிக் காக்கிற பாடம், எங்கள் படத்துக்குப் பக்கத்தில் வைத்த ஒரு குச்சிதான்! நீங்களும் குச்சி வைக்கிறீர்கள், நாங்களும் குச்சி வைக்கிறோம். நாங்கள் எழுத்துக்குப் பக்கத்தில் வைக்கிறோம். நீங்கள் பிள்ளைக்குப் பக்கத்தில் வைக்கிறீர்கள். அவ்வளவுதான் வித்தியாசம்! (நீண்ட கைதட்டல்)

தமிழிலே 247 எழுத்து என்று சொன்னால் பிள்ளைக்குப் பயம். பிள்ளைக்கு என்ன, எனக்கே பயம். ஆனால் கணக்குப் பாருங்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மீதி 216-ம் சேர்க்கை. குச்சியும் கொம்பும் கொக்கியும் எங்கே வரும் என்று விளையாட்டிலே பிடிபட்டுவிட்டால், பெரும்பாலான எழுத்து கூட்டுவட்டி மாதிரித் தானாகச் சேர்ந்துகொண்டே போகும். உகர வரிசைதான் கொஞ்சம் அடம் பிடிக்கும். 'கு' ஒரு மாதிரி, 'து' ஒரு மாதிரி, 'டு' ஒரு மாதிரி. அதற்குத் தரையிலே பாண்டிக் கட்டம் போட்டு, கட்டத்துக்குள்ளே எழுத்தை எழுதி, சில்லு விழுந்த எழுத்தைச் சொல்லித் தாண்டச் சொல்வேன். காலும் படிக்கும்.

"இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் சங்கதி, நம்ம திண்ணைப் பள்ளியிலே பிரம்பாலேதான் பிள்ளைகள் படித்தார்கள்" என்று ஐயா சொன்னார். ஐயா, திண்ணைப் பள்ளியிலே பிரம்பு இருந்தது உண்மை. கூடவே இன்னொண்ணும் இருந்தது. மணல்! 1789-ஆம் வருஷம் சென்னை எழும்பூரிலே, ராணுவத்தார் பிள்ளைகளுக்காக நடந்த ஆதரவற்றோர் பள்ளிக்குப் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். அவர் ஒரு நாள் நம் நாட்டுப் பிள்ளைகள் தரையிலே உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அசந்து போனார். தன் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் வைத்தார். நம்ம ஊர் சட்டாம்பிள்ளைதான்! 1797-லே லண்டனில் இதைப் பற்றிப் புத்தகமே போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று உலகம் பூராவும் பரவியது. ஸ்காட்லாந்திலே செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரிலே அவர் பணத்தால் உண்டான பள்ளிக்கு இன்றைக்கும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பேர். அந்தப் பாதிரியார் இங்கிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோனது எது? நம்ம பிரம்பையா? பிரம்பு அவர் ஊரிலேயே ஏராளம்! நம்ம மணலைத்தான் கொண்டுபோனார்! (கைதட்டல்)

அதற்கப்புறம் மரியா மாண்டிசோரி அம்மையார். 1907-லே ரோம் நகரத்திலே ஏழைத் தொழிலாளர் குடியிருப்பிலே, தாய் தகப்பன் வேலைக்குப் போனபிறகு சும்மா சுற்றித் திரிந்த பிள்ளைகளுக்காக ஒரு இடம் ஆரம்பித்தார். அதற்குப் பள்ளிக்கூடம் என்று பேர் வைக்கவில்லை. 'குழந்தைகளின் இல்லம்' என்று வைத்தார். எழுத்தை உப்புத்தாளிலே வெட்டி ஒட்டி, பிள்ளைகளை விரலால் தடவச் சொன்னார். கண் பார்க்கும், விரல் தடவும், வாய் சொல்லும். அந்த அம்மையார் 1939-லே நம்ம சென்னை அடையாறுக்கு வந்தார். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இத்தாலி போரிலே இறங்கியதால் ஊருக்குத் திரும்ப முடியாமல், 1946 வரைக்கும் இந்தியாவிலேயே இருந்தார். கொடைக்கானலிலும் தங்கினார். விஜயதசமிக்குத் தட்டிலே அரிசியைப் பரப்பிப் பிள்ளை விரலைப் பிடித்து எழுத வைக்கிறோமே, அந்த வேலையை வருஷத்துக்கு ஒரு நாள் இல்லை, தினமும் செய்யச் சொன்னார், அவ்வளவுதான்.

அரசாங்கமும் இந்தப் பக்கம்தான் வந்தது. 2003-லே சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலே செயல்வழிக் கற்றல் ஆரம்பித்தார்கள். 2007-லே மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தார்கள். கரும்பலகையைப் பிள்ளையின் உயரத்துக்கு இறக்கினார்கள். பாடத்தை அட்டைகளாக்கிக் கையிலே கொடுத்தார்கள். கொரோனாவிலே பள்ளிக்கூடம் மூடிக் கிடந்து பிள்ளைகள் படித்ததை மறந்தபோது, 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கினார்கள். எங்கே தொடங்கினார்கள்? நம்ம விழுப்புரம் மாவட்டத்திலே, மரக்காணம் பக்கத்திலே முதலியார்குப்பத்தில்! தெருவிலே இருக்கிற படித்த பெண்கள், சாயங்காலம் ஒண்ணு ஒண்ணரை மணி நேரம், திண்ணையிலும் மரத்தடியிலும் பிள்ளைகளை உட்கார வைத்து ஆட்டமும் பாட்டமுமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் சின்ன வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' வந்தது. மறந்துபோன எழுத்தைத் திரும்பக் கூப்பிட அவர்கள் எடுத்த ஆயுதம் என்ன? ஆட்டம், பாட்டு, கதை! பாரதியாரும் பாப்பாவுக்குச் சொல்ல வரும்போது முதல் வேலையாக விளையாட்டைத்தானே கொடுத்தார்? படிப்பு அதற்கு அப்புறம்தானே வருகிறது!

"சரிம்மா, உன் திண்ணையிலே விளையாடின பிள்ளை ஒண்ணாம் வகுப்பிலே பின்தங்கினால்?" என்று கேட்பீர்கள். ஒரு தகப்பனாரும் கேட்டார். "டீச்சரு, என் பையனை வேனிலே வர்ற பள்ளிக்கூடத்திலே சேர்த்துட்டேன். அங்கே இங்கிலீஷு எழுத வைக்கிறாங்க" என்று கூட்டிப் போனார். எனக்கு வருத்தம்தான். ஆனால் தகப்பன் ஆசையை எப்படித் தப்பு சொல்ல முடியும்? தனக்குக் கிடைக்காதது பிள்ளைக்குக் கிடைக்கணும் என்கிறார். மூணு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் புத்தகத்தோடு வந்தான். "ஏ ஃபார் ஆப்பிள், பி ஃபார் பால்" என்று மழை மாதிரிக் கொட்டினான். நான் ஆப்பிள் படத்தைக் கையால் மூடினேன். "இது என்ன எழுத்துடா கண்ணு?" என்றேன். பையன் என் கையைத் தள்ளப் பார்க்கிறான். அவன் இத்தனை நாளும் படித்தது எழுத்தை இல்லை, ஆப்பிளை! பாவம், அவன் மேலே தப்பே இல்லை. சத்தத்தையும் எழுத்தையும் யாரும் அவனுக்குக் கட்டிப் போடவில்லை. நான் இங்கிலீஷுக்கு எதிரி இல்லை. இங்கிலீஷையும் இப்படி விளையாடித்தான் கற்றுக்கொள்ளணும் என்கிறேன்.

இனிமேல் சொல்லப் போவதை எதிரணி கொஞ்சம் கவனமாகக் கேட்கணும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை. நாலரை வயசு. அமைதியான பிள்ளை. கலகம் பண்ணாது, அழாது. அவங்க அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவங்க. ஒரு நாள் வந்து கேட்டாங்க: "யக்கா, எம்பொண்ணு வெளையாடிக்கிட்டேதான் இருக்குது. அதுங்கூட வந்ததெல்லாம் பேரு படிக்குது. இதுக்கு எழுத்து எப்பக்கா வரும்?" எனக்குச் சுருக்கென்று இருந்தது. நியாயமான கேள்வி. விளையாட்டு என்று சொல்லிக்கொண்டு நான் ஒரு பிள்ளையைக் கவனிக்காமல் விட்டுவிட்டேனோ என்று ராத்திரியெல்லாம் தூக்கம் வரவில்லை.

மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளையையே பார்த்தேன். மல்லாட்டைத் தோலிலே எழுத்து அழகாக அடுக்குகிறாள். பாண்டியிலே தாண்டுகிறாள். எதிலே தோற்கிறாள்? சேலைத் திரை விளையாட்டிலே. எப்பவும் தோற்கிறாள். ஒரு விஷயம் கவனித்தேன். நான் திரைக்குப் பின்னால் சத்தம் கொடுத்ததும் மற்ற பிள்ளைகள் திரையைப் பார்க்கிறார்கள். இவள் மற்ற பிள்ளைகளின் வாயைப் பார்க்கிறாள். அவர்கள் சொன்னபிறகு தானும் சொல்கிறாள். எனக்குப் பகீர் என்றது. மெல்ல அவள் பின்னால் போய் நின்று, "கண்ணு, ஐஸ் வேணுமா?" என்றேன். பதிமூணு பிள்ளைகள் திரும்பினார்கள். அவள் திரும்பவில்லை.

அவங்க அம்மாவும் நானும் பஸ் பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். ரெண்டு காதுக்குள்ளேயும் நீர் கோத்து, சீழ் வைத்து, கேள்வி மங்கிப் போயிருக்கிறது என்றார் டாக்டர். சின்னப் பிள்ளைகளுக்குச் சளி பிடித்துப் பிடித்து வருகிறதுதான், கவனித்தால் சரியாகிவிடும், கவனிக்காமல் விட்டால்தான் வம்பு என்றார். மருந்து, மறுபடி மருந்து, மறுபடி பஸ். சில மாசத்திலே அந்தப் பிள்ளை திரையைப் பார்த்துத் திரும்பினாள். நான் திரைக்குப் பின்னாலேயே நின்று அழுதேன். யாருக்கும் தெரியாது.

இப்போ எதிரணியைக் கேட்கிறேன். நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்து "அ, ஆ, இ, ஈ" என்று கோரஸாகக் கத்துகிற வகுப்பிலே அந்தப் பிள்ளை இருந்திருந்தால்? வாயை அசைத்தே தப்பித்திருப்பாள். பலகையைப் பார்த்து அழகாக எழுதியும் காட்டியிருப்பாள். 'நல்ல பிள்ளை' என்று பேர்கூட வாங்கியிருப்பாள். ரெண்டாம் வகுப்பிலே 'மக்கு' என்று பேர் மாறியிருக்கும்! பாடம் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று கேட்கும். விளையாட்டு பிள்ளை யார் என்று காட்டிக் கொடுக்கும்! (நீண்ட கைதட்டல்)

நடுவர் மணியைத் தேடுகிறார். ரெண்டே நிமிஷம், ஐயா.

இந்த மேடைக்கு எதிரே ராஜகிரி தெரிகிறது. 2025 ஜூலையிலே மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலே சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து அதிலே இடம் பிடித்தது நம்ம செஞ்சி ஒண்ணுதான். பெருமைதான். ஆனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோட்டைக்கு வருகிறவர்கள் இன்னும் ரெண்டு இடத்துக்குப் போகணும் என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.

ஒண்ணு, செஞ்சிக்குப் பக்கத்திலே திருநாதர் குன்று. இருபத்து நாலு தீர்த்தங்கரர்களைப் பாறையிலே செதுக்கியிருக்கிறார்கள். அங்கே வட்டெழுத்திலே ஒரு கல்வெட்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் விட்ட இடம் என்று சொல்கிறது. சுமார் கி.பி. 6-ஆம் நூற்றாண்டு. 'ஐம்பத்தேழு' என்பதற்குப் போட்ட அந்த 'ஐ'தான், இதுவரை கிடைத்த கல்வெட்டுகளிலே முதன்முதலில் வருகிற 'ஐ' என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நம்ம பிள்ளைகள் யானையைப் பார்த்தால் என்ன கத்துவார்கள்? "ஐ!" குச்சி ஐஸைப் பார்த்தால்? "ஐ!" அந்த எழுத்து கல்லிலே ஏறின ஊருங்க இது! எழுத்தைப் பார்த்தாலும் பிள்ளை "ஐ!" என்று கத்தணுமா, "ஐயோ!" என்று கத்தணுமா? நீங்களே சொல்லுங்கள்! (கைதட்டல்)

இன்னொண்ணு, இதே செஞ்சி வட்டாரத்திலே நெகனூர்பட்டி. பாறையிலே தமிழ்ப் பிராமி எழுத்து. கி.பி. 4-ஆம் நூற்றாண்டு அளவிலே வெட்டியது. என்ன எழுதியிருக்கிறது? சேக்கந்தி என்பவரின் தாயார் செய்வித்த பள்ளி என்று எழுதியிருக்கிறது. அது சமணத் துறவிகள் தங்குவதற்கான பள்ளி. அவர்கள் தங்கின இடத்திலே ஊர்ப் பிள்ளைகளுக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுத்ததால்தான் பள்ளி என்ற சொல்லே பள்ளிக்கூடத்துக்கு வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ராஜா செய்வித்த பள்ளி இல்லை, மந்திரி செய்வித்த பள்ளி இல்லை. ஒரு பிள்ளையின் தாய் செய்வித்த பள்ளி! ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னால் இந்த மண்ணிலே ஒரு தாய்க்கு முடிந்தது, இன்றைக்கு உங்கள் வீட்டுத் திண்ணையிலே உங்களுக்கு முடியாதா?

அந்தக் காது கேளாமல் இருந்த பிள்ளை இப்போது மூணாம் வகுப்பு. போன மாசம் அவங்க அம்மா வேலை அட்டையை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாங்க. ஏதோ பேர் விட்டுப்போச்சு என்று ஒரு சந்தேகம். என்னிடம் நீட்டினாங்க. நான் கண்ணாடியைத் தேடுவதற்குள் அந்தப் பிள்ளை அட்டையை வாங்கினாள். கோடு கோடாக விரலை வைத்துக்கொண்டே வந்தாள். ஒரு இடத்திலே நிறுத்தினாள். "ஐ! அம்மா, இதோ நீ!" என்றாள். அந்த அம்மா தன் பேர் மேலே விரலை வைத்துத் தடவிக்கொண்டே நின்றாங்க. உப்புத்தாளைத் தடவுகிற என் பிள்ளைகள் மாதிரியே.

அவங்க போனபிறகு அந்த அம்மாவுக்கும் ஒரு படி மல்லாட்டையும் கொஞ்சம் ஈர்க்குச்சியும் எடுத்து வைத்திருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் 'ட'விலே ஆரம்பிக்கப் போகிறோம்.

எழுத்தைக் கொடுப்பது பெரிதில்லை, அதன் மேலே ஆசையையும் சேர்த்துக் கொடுப்பதுதான் பெரிது. அதைக் கொடுப்பது விளையாட்டு, விளையாட்டு, விளையாட்டே என்று சொல்லி, நல்ல தீர்ப்புத் தாருங்கள் நடுவர் அவர்களே என்று கேட்டு விடைபெறுகிறேன். (பலத்த கைதட்டல்)